பூக் கேட்ட வெள்ளிக்கிழமைகள்

குன்னத்தூர்
12.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வினிதா எழுதுவது. நான் நலம். நீயும் முனீஸ் மச்சானும் நலமா? மச்சான் என்று எழுதவே கை கூசுகிறது, ஆனால் வேறு எப்படிக் கூப்பிடுவது? போன மாசம் பதினோராம் தேதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன் என்று டிபன் பாக்ஸோடு கிளம்பின மகராசி, நசீம் பானு அக்கா கடை விலாசத்துக்கு நாலு வரி போட உனக்கு ஒரு மாசம் ஆகியிருக்கிறது. இந்தக் கடிதத்தை நசீம் அக்கா தாராபுரத்தில் தன் தங்கை ஷாஹிதாவுக்கு அனுப்பிவிடுவார். நீ அங்கே வந்து வாங்கிக்கொள்வாய் என்றும், எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்பது ஷாஹிதாவுக்கே தெரியாது என்றும் சொன்னார். நல்லது. போன் பக்கம் மட்டும் போய்விடாதே. செல்போன் கம்பெனியில் அண்ணனுக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான், எந்த நம்பர் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுகிறான்.

நீ போன அன்று சாயங்காலம் அண்ணன் உன் ஸ்கூட்டியைப் பின்னால் இருக்கிற தையல் கொட்டகைக்கு இழுத்துப்போய்க் கடப்பாரையால் அடித்தே நொறுக்கினான். பன்னிரண்டு மிஷினும் நின்றுவிட்டன. தடுக்கப் போன அம்மாவுக்கு அப்பா கையால் ஒரு அறை விழுந்தது. அம்மாவுக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. டாக்டரிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். உன் பேரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. வேறு சாதிக்காரனோடு போய்விட்டாய் என்ற விஷயம் வெளியூர்ச் சொந்தத்துக்குத் தெரியவே கூடாது. கொட்டகைக்குப் பால் காய்ச்சியபோது தான் வந்து சேர்வதற்குள் பூஜையை முடித்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு நாலு வருஷமாக நம் வாசலை மிதிக்காத செந்தில்வேல் மாமனுக்குத் தெரிந்தால் அப்பா நாண்டுகொண்டு செத்துப்போவாராம்.

இப்போது என் கதை. கரட்டுக் குமரன் கோயிலில் பூக் கேட்க நம் பங்காளி வீடுகளில் வயசுக்கு வராத பெண் நான் ஒருத்திதான் மிச்சம். நீ போன மறு வாரமே, எட்டாவது பரீட்சைக்கு முன்பே, என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்கள். நீ ஒரு காலத்தில் எடுத்தாயே, அதே மாதிரி இலையில் கட்டின இரண்டு பொட்டலம். வெள்ளை அரளி வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. அக்கா, நீ நம்ப மாட்டாய். வெள்ளைப் பொட்டலத்துக்கு மேல் என் கை போகும்போது உள்ளங்கை ஐஸ்கட்டியைத் தொட்ட மாதிரி சில்லென்று ஆகிறது. பெரிய தோட்டத்தில் போர் போடலாமா என்று கேட்டார்கள், வெள்ளை வந்தது, அறுநூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. நசீம் அக்காவின் நாலு வயது யாசின் காணாமல் போனபோது அவர் கடை மேஜையிலேயே பூ வைத்துக் கேட்டேன். பையன் பனியன் வேஸ்ட் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தான். நான் எடுத்த பூ இந்த வெயிலிலும் மூன்று நாள் வாடுவதில்லை. நுங்கு விற்கிறவர் என்னிடம் காசு வாங்குவதில்லை. ஊரே என்னைச் சாமி என்று கூப்பிடுகிறது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. படித்ததும் கிழித்துவிடு.

உன் தங்கை,
வினிதா

*

21.4.2024

என் வினிக்குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். உன் வயிறு சரியாக இருக்கிறதா? வெயிலில் கரடு ஏறி இறங்குகிறாயே, மோர் குடி.

அம்மாவின் காதைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அந்த அறை எனக்கு விழ வேண்டியது.

சாமி ஆகிவிட்டாயாமே! என் கையும் பூ எடுத்த கைதான். நான் வெள்ளை எடுத்துப் போட்ட போரில் புழுதிதான் வந்தது. பத்துக்கு ஐந்து தப்பாகும், சரியான ஐந்தை மட்டும் ஊர் பேசும். உனக்குத் தொடர்ந்து நாலைந்து சரியாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். நுங்கை மட்டும் விடாமல் வாங்கித் தின்னு.

ஊர்ப் பேர் எழுத மாட்டேன். ஆறு இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னை. கட்டிங் மாஸ்டராக முப்பது பேரை மேய்த்த உன் மச்சான் இங்கே ஒரு சந்தில் உட்கார்ந்து பாவாடைக்கு நாடா கோக்கிறார். அவர் சாத்தூர்ப் பக்கத்துப் பேச்சைக் கேட்டு இந்த ஊர்க் குழந்தைகள் சிரிக்கின்றன. நாங்கள் ரிஜிஸ்தர் செய்துகொண்டோம். அம்மாவிடம் மட்டும் சொல், தாலி கழுத்தில் இருக்கிறது என்று.

அண்ணனுக்குப் பயப்படாதே. கத்துவான், பொருளை உடைப்பான். எனக்கு ஆறு வயதில் கால் உடைந்தபோது பஸ் வரும்வரை பொறுக்காமல் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. கோபம் ஆறும்.

முத்தத்துடன்,
ஜெயபாரதி

*

குன்னத்தூர்
27.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலம்தானே? அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைக் கேலி செய்யாதே.

கோபம் ஆறும் என்று எழுதியிருந்தாய். செவ்வாய்க்கிழமை அண்ணன் திருப்பூர் போய் மச்சானோடு அறையில் தங்கியிருந்த ஒடிசாப் பையனைக் காரில் தூக்கி வந்தான். நம் கொட்டகையில்தான் வைத்து விசாரித்தார்கள். முனீஸ் எங்கே என்றதற்கு அவன் தெரியாது என்று இந்தியில் அழுதான். அண்ணன் அவன் கையை மிஷின் ஊசிக்குக் கீழே பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தான். மூன்று விரல், அக்கா. துணி தைக்கிற சத்தம்தான் கேட்டது. பிறகு அண்ணனே துணி சுற்றிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்து, "சாப்பாடு போடு வினி, பசிக்குது" என்றான். நான் போட்டேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அந்தப் பையனுக்குத் தெரியாது என்று ஆனதும்தான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. நேற்று வெள்ளிக்கிழமை அவனும் அப்பாவும் என்னைக் கரட்டுக்குக் கூட்டிப்போனார்கள். நாச்சிமுத்து பூசாரி தயங்கினார், இதெல்லாம் கேட்கிற விஷயமில்லை என்றார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பொட்டலத்தைக் கட்டிவிட்டார். பெண் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டார்கள். வெள்ளை. வடக்கேயா? சிவப்பு. தெற்கேயா? என் கை சில்லென்று ஆனதும் நான் வேண்டுமென்றே மற்றப் பொட்டலத்தைத் தொடப் போனேன். என் கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி திரும்பிப் போய் முதல் பொட்டலத்தின் மேல் விழுந்தது. வெள்ளை.

நீ சொல்கிற அதிர்ஷ்டம் இது இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று கேள்விதான் கேட்கலாம் என்பது கோயில் வழக்கம். அது ஒன்றுதான் இப்போது உனக்கும் மச்சானுக்கும் இருக்கிற காவல். உடனே வேறு ஊருக்குப் போய்விடு. வட இந்தியாவுக்கே போ.

உன் வினிதா

*

5.5.2024

வினிக்கு,

நலம். அந்தப் பையன் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று நசீம் அக்காவிடம் விசாரிக்கச் சொல். அவன் தங்கை கல்யாணத்துக்காக விரல் தேயத் தைத்துக்கொண்டிருந்தவன். அவன் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பூ விஷயத்தை மச்சானிடம் சொன்னேன். சிரித்தார். தெற்கே என்று சொல்லச் சாமி எதற்கு? அவர் ஊர் தெற்கே இருக்கிறது, தெரு நாய்கூடத் தெற்கே என்றுதான் சொல்லும். உன் மனசு தெற்கே என்று நினைக்கிறது, கை அங்கே போகிறது. அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் எடு. வேறு எதையாவது நினைத்துக்கொள், அல்ஜீப்ரா மாதிரி.

நாங்கள் இருக்கிற இடம் பத்திரம். நம் வீட்டு ஆட்கள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். இப்போதுதான் ஒரு அடுப்பும் இரண்டு பாயும் வாங்கியிருக்கிறோம். இன்னும் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவது?

தலைக்கு எண்ணெய் வை.

அக்கா

*

குன்னத்தூர்
11.5.2024

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வெள்ளி பூசாரிக்குத் தீட்டு, பூக் கேட்கவில்லை. நேற்று நீ சொன்ன மாதிரியே செய்தேன். கண்ணை மூடினேன், இடது கையால் எடுத்தேன், அல்ஜீப்ரா நினைத்தேன். உடுமலைக்கு இந்தப் பக்கமா என்றதற்குச் சிவப்பு. அந்தப் பக்கமா என்றதற்கு வெள்ளை. மூன்றாவது கேள்வி, ஆற்றங்கரை ஊரா என்று. வலது பக்கப் பொட்டலம் சில்லென்றது, சத்தியமாக நான் இடது பக்கத்தை எடுத்தேன். பூசாரி பிரித்தார், அதில் வெள்ளை இருந்தது. மிச்சம் இருந்ததைப் பிரித்தால் சிவப்பு. கட்டும்போது மாறிவிட்டதா, நான் எடுத்தபோது மாறியதா என்று எனக்குத் தெரியாது. எதை எடுத்தாலும் உண்மைதான் வருகிறது, அக்கா. இந்தச் சாமிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. உயிர் போகிற உண்மையை எதற்கு ஒரு சாமி சொல்ல வேண்டும்? கோயிலிலேயே கோபத்தில் அழுதுவிட்டேன். பக்தி என்று நினைத்து எனக்குத் திருநீறு பூசிவிட்டார்கள்.

அண்ணன் கொடுவாள் வாங்கியிருக்கிறான். கட்டிங் டேபிளில் வைத்துத்தான் தீட்டுகிறான், கார் டிக்கியில் பனியன் துணி சுற்றி வைத்திருக்கிறான். வருகிற வெள்ளி, அமராவதிக் கரையில் இருக்கிற ஊர்ப் பேர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக் கேட்கப் போகிறான். ஒன்றுவிடாமல் எழுதிவிட்டான். மூன்று வெள்ளி தாங்காது.

இந்தக் கடிதத்தை மச்சானிடம் காட்டு. நீ பிடிவாதக்காரி, அவருக்குப் புத்தி இருக்கும். உன் காலில் விழுகிறேன், கிளம்புங்கள்.

வினிதா

*

குன்னத்தூர்
18.5.2024

அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிளம்பிவிட்டீர்கள், அதனால்தான் பதில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று காலையில் கரட்டுக்குக் கிளம்பச் சொன்னார்கள். குளித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். நூல் வெட்டுகிற டிரிம்மரை முந்தின நாளே ஒளித்து வைத்திருந்தேன். தொடையின் உள்பக்கம், மேலே, யாரும் பார்க்காத இடத்தில் வைத்து இழுத்தேன். முதல் தடவை தோல்தான் கீறியது. இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். பாவாடையில் நன்றாக இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா வந்தாள். பாவாடையைப் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிக் காயத்தைப் பார்த்தாள். மஞ்சள் தூளை அள்ளிக் காயத்தில் அப்பினாள். நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. பனியன் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "வாயத் தொறந்துறாத சாமி. கேட்டா வகுறு நோவுதுன்னு மட்டும் சொல்லு."

பிறகு வாசலுக்குப் போய்த் தெருவுக்கே கேட்கும்படி, நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன் என்று சொன்னாள். ஒரு காது கேட்காதவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. பூசாரி வீட்டுக்கு ஆள் அனுப்பி, இனி இந்தப் பெண் கை பூவுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு பெண் வேண்டுமென்றால் பங்காளி வகையில் இரண்டு வயதுக் குழந்தைதான் இருக்கிறது, அது பூவைத் தின்றுவிடும். அண்ணன் கதவை ஒரு உதை உதைத்தான், தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

மூலை அறையில் தனித் தட்டு, தனி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். உளுந்தங்களியாகத் தருகிறார்கள். காயம் விண்விண் என்கிறது. ஆனால் இந்த ஒரு மாசத்தில் இன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

பெரிய மனுஷி,
வினிதா

*

23.5.2024

என் தங்கமே,

உன் இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத்தான் ஷாஹிதாவிடம் வாங்கினேன். நாங்கள் சுகம். காயத்தில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள், நசீம் அக்காவிடம் சொல்லி ஆயின்மென்ட் வாங்கிக்கொள்.

எனக்காக உன் உடம்பில் கத்தி வைத்துக்கொண்டாயே. தொட்டிலில் உன்னை ஆட்டியவள் நான், உனக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. அம்மாவை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது.

பூக் கேட்பதுதான் நின்றுவிட்டதே, இனி உன்னிடம் மறைப்பானேன்? நான் கொமரலிங்கத்தில் இருக்கிறேன். ஆமாம், செந்தில்வேல் மாமன் ஊரில்தான். வேண்டுமென்றேதான் இதைத் தேடிப் பிடித்தேன். மாமன் ஊர் என்பதாலேயே நம் ஆட்கள் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். மாமன் தோப்பு ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. இரண்டு முறை தூரத்தில் அவரைப் பார்த்து முக்காடு போட்டுக்கொண்டேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

உனக்குச் சீர் செய்வார்களே, பட்டுப் பாவாடை என்ன நிறம்? எனக்கு எழுது. பக்கத்தில் நின்று பூ வைத்துவிட நான் இல்லை.

ஆயிரம் முத்தம்,
அக்கா

*

குன்னத்தூர்
28.5.2024

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஷாஹிதாவின் வீட்டுக்காரர் வந்து நசீம் அக்காவிடம் எல்லாம் சொன்னார். இது உன் கைக்குக் கிடைக்குமா, கிடைத்தால் படிப்பாயா என்று தெரியாது. என்ன நடந்தது என்று நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டி உட்கார வைக்காமல் ஒரு பெண்ணுக்குச் சீர் ஆகாது. இது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். டிரிம்மரை எடுத்தபோது இரண்டு பேருக்குமே அது ஞாபகம் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சொல்லி, அப்பா சனிக்கிழமை மாமனிடம் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமன் ஒரு வண்டி நிறையத் தென்னை ஓலையோடு வந்து இறங்கினார். அதே நேரத்தில்தான் நசீம் அக்கா சீருக்குப் பாத்திரம் வைக்க வந்தவர் உன் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார். குளியலறையில் வைத்துப் படித்தேன். கொமரலிங்கம் என்ற எழுத்தைப் பார்த்ததும் ஓலையை வெட்டுகிற சத்தம் வாசலில் கேட்டது.

ஓடினேன். மாமன் வாயைப் பொத்த வேண்டும், அவரைத் தனியாக இழுத்துப் போக வேண்டும் என்று ஓடினேன். நலங்கு வைத்த பெண் வாசலுக்கு வரக் கூடாது என்று நாலு பெண்கள் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஜன்னல் வழியாக மாமனைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, வருகிறேன் கண்ணு என்று கையை ஆட்டினார்.

பந்தலில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு மாமன் சீர்த் தட்டைத் தூக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தனக்கு ஒரு குறை இருக்கிறது, சபையில் சொல்லிவிட்டுத்தான் சீர் செய்வேன் என்றார். அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் எனக்கு ஞாபகம் இருக்கிறது: "பெரியவளக் கட்டிக் குடுத்து எங்கூருக்கே குடியனுப்பி வெச்சிருக்கறீங்க. பாலத்துக்குப் பக்கத்துல ஓட்டு ஊட்டுல இருக்கறா, ரெண்டு மாசமா நானும் பாக்கறேன். என்னப் பாத்தா மூஞ்சிய மறைக்கறா. தாய்மாமனுக்கு ஒரு வெத்தலபாக்கு வெக்கோணும்னு உங்களுக்குத் தோணலீங்களா?"

அவருக்குத் தெரியாது, அக்கா. அழைக்கவில்லையே என்ற வருத்தம்தான் அவருக்கு. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் எழுந்து, மாமன் முன்னால் வந்து, தப்புதாங்க மாமா, மன்னிச்சுக்குங்க என்று கும்பிட்டுவிட்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். மணி பதினொன்றரை.

என்னைக் குச்சுக்குள் உட்கார வைத்து வாசலில் உலக்கையைப் போட்டார்கள். நான் கத்தினேன். சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். அம்மா அப்பாவின் போனைப் பிடுங்கப் போய் இன்னொரு அடி வாங்கினாள். ஒன்றரை மணிக்குமேல் பந்தி நடக்கும்போது ஓலையைப் பிய்த்துக்கொண்டு பின்பக்கமாக நசீம் அக்கா கடைக்கு ஓடினேன். அவர் போலீஸுக்கும் சொன்னார், ஷாஹிதாவுக்கும் சொன்னார். அவர்கள் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

பட்டுப் பாவாடை அரக்கு நிறம். கேட்டிருந்தாயே.

வினிதா

*

குன்னத்தூர்
21.6.2024

அக்கா,

உனக்கு எழுதி ஒரு மாசம் ஆகப் போகிறது. நீ சாத்தூர்ப் பக்கம் மச்சானின் அம்மாவோடு இருப்பதாகச் சொன்னார்கள். அந்த அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறாயா?

அண்ணன் கோர்ட்டில் சரணடைந்துவிட்டான். இங்கே வக்கீல் தினமும் வருகிறார். சாட்சி கேட்டால், அண்ணன் சாயங்காலம்வரை சீரில் என் பக்கத்திலேயே நின்றான் என்று நான் சொல்ல வேண்டுமாம். பெரியப்பாக்கள் எல்லோரும் வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அண்ணன் நிற்கிற மாதிரி ஒரு போட்டோகூட வைத்திருக்கிறார்கள், காலையில் எடுத்தது.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. போன வாரம் எனக்கு நிஜமாகவே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அரளிச் செடியில் கை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

என்னால்தானே என்று நீ நினைத்தால், நேராகவே எழுதித் திட்டு. பதில் போடாமல் இருக்காதே.

வினிதா

*

சாத்தூர்
16.7.2024

வினி,

உடம்பு இருக்கிறது. அத்தை சோறு பிசைந்து ஊட்டுகிறார், முழுங்குகிறேன். மகனைப் பறிகொடுத்தவர் எனக்கு ஊட்டுகிறார்.

உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். பூ விஷயத்தை உன் மச்சானிடம் சொன்னேன், சிரித்தார் என்று எழுதினேனே, அது பொய். நான் சொல்லவே இல்லை. அண்ணனைப் பற்றி அவரிடம் தாழ்த்திப் பேச எனக்கு மனசு வரவில்லை. அவர் பயந்துபோய்க் கிளம்பலாம் என்பார், அந்தச் சின்ன வீட்டை விட எனக்கு இஷ்டமில்லை. உன் கடிதங்களை எல்லாம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். பதினொன்றாம் தேதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லி எழுதியிருந்தாய், அதையும் காட்டவில்லை. சீருக்கு முந்தின நாள் அவராகவே ஏதோ கனவு கண்டதாகச் சொல்லி, "இங்க வேணாம் பாரதி, கெளம்பிருவோம்" என்றார். நான்தான், அண்ணன் என்னை ஒன்றும் செய்ய மாட்டான் என்றேன்.

நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. என்னை ஒன்றும் செய்யவில்லை. அவர் பாவாடைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே விழுந்தேன். அண்ணன் என்னைத் தூக்கிச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, "தள்ளி நில்லு கண்ணு, மேல பட்டுரும்" என்றான். எத்தனை வெட்டு என்று எண்ண முடியவில்லை. கையால் தடுத்துக்கொண்டே இருந்தார், பிறகு தடுக்கக் கை இல்லை. முடிந்ததும் அண்ணன் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். என் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

நீ எச்சரித்தாய். உன் கால் தழும்பு உன்னோடு இருக்கட்டும், இந்தப் பழி என்னோடு இருக்கட்டும். உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை.

சாட்சி விஷயத்தில் உனக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில்தான் நீ சாப்பிட்டுத் தூங்க வேண்டும். உனக்குப் பதின்மூன்று வயது.

ஜெயபாரதி

*

குன்னத்தூர்
9.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் நலத்துக்கும் அத்தையின் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன், யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

நேற்று மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுக்கக் கூட்டிப்போனார்கள். அப்பா காரில் போகும்போது மூன்று தடவை பாடம் ஒப்பிக்கச் சொன்னார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது என் கன்னத்தில் கையை வைத்து, அவளுக்கு இருக்கிற அந்த ஒரு காதை என் வாயருகே கொண்டுவந்தாள். நான் சொல்லப் போவதை அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணனும் அவள் வயிற்றில் பெற்ற பிள்ளை, அக்கா, அவளுக்கும் எப்படி இருந்திருக்கும். கோர்ட் வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனையும் அன்றைக்குத்தான் ரிமாண்ட் நீட்டிக்க ஜெயிலிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்றான். தாடி வளர்ந்து, மெலிந்து, சட்டை தொளதொளவென்று இருந்தது. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனை வெறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், ஆனாலும் வந்தது. நான் அவனுக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"சாப்டயா கண்ணு?" என்றான்.

"சாப்டேண்ணா" என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

பிறகு என் பேரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் ஒரு பெண். அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பயப்படாமல் சொல் என்றார். டிக்கியில் இருந்த கொடுவாள், ஒடிசாப் பையனின் மூன்று விரல், மாமன் சொன்னது, பதினொன்றரை மணி, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு எடுத்த சீர் பொய் என்றும், எதற்காக அந்தப் பொய் என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் இரண்டு முறை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். கடைசியில் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

வெளியே வந்தபோது அண்ணன் இன்னும் வராந்தாவில்தான் நின்றான். போலீஸ்காரரிடம் சொல்லி எனக்காக ஒரு பன்னும் டீயும் வாங்கி வைத்திருந்தான்.

உன் தங்கை,
வினிதா